மடியில் கனமிருக்கிற வாத்தியார்

பதினொண்ணு. எண்ணிக்கிட்டேதான் இருந்தேன் மருமகனே. காரை விட்டு எறங்குனதுல இருந்து இந்தத் திண்ணைக்கு வந்து சேருறதுக்குள்ள பதினோரு தடவை ‘சிட்’டுன்னு சொல்லிட்ட. நாய் உக்காரல. கடைசியில நீதான் உக்காந்த. ஆக, ‘சிட்’டுன்னு சத்தம் கேட்டா கொஞ்ச நேரத்துல மருமகன் உக்காந்துருவான்னு ரோலக்ஸ் நல்லாப் படிச்சு வச்சிருக்கு. கெட்டிக்கார நாய்.

கோவிச்சுக்காத. இந்தா, சாத்தூர் சேவு. ஒரு கை எடுத்துக்க. தட்டு என் பக்கமே இருக்கட்டும். உனக்குக் கொழுப்பு கூடிப்போச்சுன்னு டாக்டர் சொன்னதா உங்கம்மா போன்ல அழுதா. எந்தக் கொழுப்புன்னு நான் கேக்கல.

லேபரடார்னு சொன்ன. 35,000 ரூபாயா? சரி. சிப்பிப்பாறைன்னு ஒரு ஊரே நாய்க்குத் தன் பேரைக் குடுத்துட்டு நம்ம பக்கத்துல உக்காந்திருக்கு. மேக்க போனா ராஜபாளையம். 2005-ல தபால் இலாகா நாலே நாலு நாட்டு நாய்க்கு ஸ்டாம்பு போட்டான், அதுல ஒண்ணு நம்ம ராஜபாளையம். இதெல்லாம் காலடியில கிடக்க, நீ கனடாப் பக்கம் மீன்காரனுக்கு வலை இழுத்துக் குடுத்த வம்சத்தை வாங்கி நாலாவது மாடியில குடி வச்சிருக்க. அது இப்ப சோபா உறையை இழுக்குதுன்னு புலம்புற. அது தொழிலை மாத்தலப்பா, சரக்குதான் மாறிப்போச்சு.

வாங்குனதோட விட்டியா? அதுக்கு ஒரு வாத்தியாரு. 30 நாள் அவர்கிட்டயே தங்கிப் படிப்பு, 25,000 ரூபாய். என் மூத்தவன் பாளையங்கோட்டையில மூணு வருசம் பி.ஏ. படிச்சதுக்கு அவ்வளவு ஆகல. அவனும் சொன்னா உக்கார மாட்டான், அது வேற கதை.

கழுத்துல என்ன அது? இப்படித் திருப்பு. அடேயப்பா, நெருஞ்சி முள்ளை உள்பக்கமாக் கோத்த மாதிரியில்ல இருக்கு! இழுத்தா முள்ளு கழுத்துல அழுத்தும், அழுத்தினா நாய் நிக்கும், அதானே? இமயமலைப் பக்கம் ஆடு மேய்க்கிறவன் நாய்க்கும் முள்ளுப்பட்டை உண்டு. முள்ளு வெளிப்பக்கம் இருக்கும். சிறுத்தை வந்து கழுத்தைக் கவ்வினா அதோட வாயில குத்தணும்னு. அங்க முள்ளு எதிரிக்கு. உங்க வாத்தியாரு முள்ளை உள்ளாற திருப்பிட்டாரு. அப்ப எதிரி யாரு?

கழட்ட வேண்டாங்கிறியா? ஓடிருமா? சரி, இருக்கட்டும். எனக்கென்ன. நான் என் வெத்தலைப் பெட்டியைப் பாக்குறேன்.

‘நாய் ஓநாய் வம்சம் மாமா, நாமதான் தலைவன்னு காட்டணும், இல்லைன்னா தலைக்கு மேல ஏறிரும்.’ வாத்தியாரு சொன்னதை ஒரு எழுத்து பிசகாம ஒப்பிக்கிற. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நம்புனேன். திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரியில படிக்கிறாளே என் பேத்தி, அவதான் கண்ணைத் தொறந்தா. 1947-ல ஷெங்கல்னு ஒருத்தரு, சுவிட்சர்லாந்துல பாசல் ஊரு மிருகக்காட்சி சாலையில, கூண்டுக்குள்ள இருந்த ஓநாய்களைப் பாத்து எழுதுனாராம். ஒண்ணை ஒண்ணு மிரட்டுது, அடக்குது, மேல வருதுன்னு. மனுசன் அடைச்சு வச்ச கூட்டம் அது. பாளையங்கோட்டை ஜெயில்ல நாலு நாள் உக்காந்து பாத்துட்டு, ‘தமிழன் குடும்பம் நடத்துறது இப்படித்தான்’னு ஒருத்தன் எழுதினா எப்படி இருக்கும்? அப்படி இருக்கு கதை.

அப்புறம் அமெரிக்காவுல டேவிட் மெக்னு ஒருத்தரு. 1970-ல அவரும் தன் புத்தகத்துல இந்த ‘ஆல்ஃபா’ப் பேச்சைச் சேத்துக்கிட்டாரு. ஆனா மனுசன் அதோட விடல. வருசக்கணக்கா காட்டு ஓநாய் பின்னாடியே திரிஞ்சாரு. 1999-ல, காட்டு ஓநாய்க் கூட்டம்னா பெரும்பாலும் அப்பன், ஆத்தா, பிள்ளைக, அதைப் போயி ஆல்ஃபாங்கிறது பொருந்தாதுன்னு அவரே எழுதிட்டாரு. தான் சொன்னதைத் தானே திருத்துறதுக்கு ஒரு மனசு வேணும். நம்ம பஞ்சாயத்துல அப்படி ஒரு ஆளை நான் இன்னும் பாக்கல. உன் வாத்தியாருக்கு 1999 இன்னும் வரல போல. வரும், மெதுவா வரும்.

சிரிச்சுட்ட. இந்தா, சேவு.

இவ்வளவு பேசுற மாமன் என்ன பெரிய யோக்கியனான்னு கேப்ப. இல்ல. எங்கிட்ட செவலைன்னு ஒரு சிப்பிப்பாறை இருந்துச்சு. ஒட்டுன வயிறு, நீண்ட காலு. கரிசக்காட்டுல ஓடினா புழுதிதான் தெரியும், நாய் தெரியாது. எங்க இருந்தாலும் கூப்பிட்ட குரலுக்கு வந்து நிக்கும். ஒரு நாள் எதுத்த வீட்டு ஆச்சி வளத்த வெடக்கோழியைக் கவ்விருச்சு. ஆச்சி வாசல்ல நின்னு என் ஏழு தலைமுறையையும் இழுத்து வச்சுப் பேசுறா. ஊரே பாக்குது. எனக்கு மானம் போச்சு. ‘செவலை’ன்னு ஒரு சத்தம் குடுத்தேன். ஓடி வந்துச்சு, வாலை ஆட்டிக்கிட்டு. செருப்பைக் கழட்டி நாலு வச்சேன். ஆச்சிக்குத் திருப்தி. ஊருக்குத் திருப்தி. எனக்கும், நாமளும் பெரிய மனுசன்தாங்கிற திருப்தி.

நாய்க்கு என்ன புரிஞ்சிருக்கும், சொல்லு பாப்போம்? கோழி பிடிச்சு அரைமணி நேரம் ஆச்சு. அதுக்கு அது முடிஞ்சு போன கதை. கடைசியா அது செஞ்ச காரியம் என்ன?

சரியாச் சொன்ன! கூப்பிட்டேன், வந்துச்சு, வந்ததுக்கு அடி. அதேதான். நீ படிச்ச பிள்ளை. எடுத்துக்க, இன்னும் கொஞ்சம். தட்டை இந்தப் பக்கம் தள்ளி வைக்கிறேன், உனக்கு எட்டல பாரு.

அன்னையில இருந்து நான் கூப்பிட்டா செவலை பத்தடி தள்ளி நிக்கும். வாலு ஆடும், காலு வராது. கோழியையும் விடல. நான் இல்லாத நேரம் பாத்துப் பிடிச்சுது. ஒரே செருப்புல ரெண்டு பாடம் நடத்திட்டேன். மாமன் கூப்பிட்டா போகக்கூடாது, மாமன் இருக்கிறப்ப கோழி பிடிக்கக்கூடாது. ஆறு மாசம் போச்சு. கோவில்பட்டி ரோட்டு நடுவுல நின்னு எதையோ மோந்துக்கிட்டிருக்கு. லாரி வருது. கூப்பிட்டேன். திரும்பிப் பாத்துச்சு. வாலை ஆட்டிச்சு. அங்கேயே நின்னுச்சு.

அதுக்கு மேல வேண்டாம். உங்க அத்தை உள்ள இருந்து கேட்டுக்கிட்டிருப்பா.

‘அடியாத மாடு படியாது’ம்பாங்க. நான் வண்டி ஓட்டுனவன், சொல்றேன் கேளு. அடிச்சுப் பழக்குன மாடு சாட்டைக்குத்தான் ஓடும். சாட்டையை வீட்டுல மறந்து வச்சுட்டு வந்த அன்னைக்கு வண்டியை நாமதான் இழுக்கணும். முள்ளுப்பட்டை மாட்டுனா ஒழுங்கா நடக்குது, கழட்டுனா ஓடிரும்னு நீயே சொன்னியே, அப்ப 30 நாள்ல படிச்சது யாரு? பட்டைதான் படிச்சிருக்கு.

என்ன? ‘ஆனா மாமா, அதுக்குத் தப்புன்னு தெரியும், சோபாவைக் கடிச்சுட்டு மூஞ்சியைத் தொங்கப் போடுது’ங்கிறியா?

ம். இந்தப் பெட்டி மூடி கொஞ்சம் இறுக்கமா இருக்கு. இரு.

அந்த மூஞ்சிக் கதையும் பேத்தி சொன்னதுதான். 2009-ல அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ்னு அமெரிக்காவுல ஒரு அம்மா சோதிச்சுப் பாத்தாங்களாம். ஒரு பண்டத்தைக் காட்டி, தின்னக்கூடாதுன்னு சொல்லிட்டு எசமான் வெளிய போயிரணும். திரும்பி வாரப்ப நாய் தின்னுச்சா இல்லையான்னு அவருகிட்டச் சொல்லணும், அதுல சில தடவை வேணும்னே பொய். தின்ன நாயோ தின்னாத நாயோ, எசமான் திட்டினா அந்தத் தொங்குன மூஞ்சி வந்துருச்சு. தின்னாம இருந்து திட்டு வாங்குன நாய்தான் இன்னும் கூடத் தொங்கப் போட்டுச்சாம். அது குத்தத்தை ஒத்துக்கிற மூஞ்சி இல்ல மருமகனே. ‘இன்னைக்கு இதுக்குச் சாமி ஏறியிருக்கு, ஒதுங்கு’ங்கிற மூஞ்சி. உங்க அத்தை பாத்திரத்தை ஓங்கி வைக்கிறப்ப எனக்கு வருமே, அதே மூஞ்சி. என்ன தப்பு செஞ்சேன்னு எனக்குத் தெரியாது. மூஞ்சி மட்டும் தானா வந்துரும்.

அப்ப நாயை என்னதான் செய்யணுங்கிற? கூலிக்காரனா நெனச்சுக்க, போதும். அடிமையும் வேண்டாம், ராசகுமாரனும் வேண்டாம். களையெடுக்க வந்தவளுக்குச் சாயங்காலம் கூலி குடுக்கணும். அடுத்த மாசம் வாங்கிக்கன்னா நாளைக்கு எவ வருவா? நாய்க்குச் சாயங்காலம்கூட ஆகாது. உக்காந்தா, உக்காந்த நொடியில கூலி. நீ பையைத் தடவி எடுக்குறதுக்குள்ள அது எந்திரிச்சு உன் மேல தாவிருச்சுன்னா, அப்பக் குடுக்குறது தாவுனதுக்குக் கூலி. அப்புறம், ‘ஏன் எல்லார் மேலயும் தாவுது’ன்னு கேட்டுக்கிட்டுத் திரிவ.

கூலி வேலைக்குத் தக்க இருக்கணும். வீட்டுக்குள்ள, ஆளரவம் இல்லாதப்ப உக்காருறதுக்கு நாலு பொரி போதும். பூனை ஓடுறப்ப அதை விட்டுட்டு உங்கிட்டத் திரும்பி வாரது கெணறு வெட்டுற வேலை. கெணறு வெட்டுனவனுக்குப் பொரியைக் குடுத்துப் பாரு, மம்பட்டியைக் காட்டுவான். அதுக்கு வேகவச்ச கோழி ஈரல் வேணும். உப்பும் வேண்டாம், காரமும் வேண்டாம், பொட்டுக்கடலை அளவுக்கு நறுக்கணும். அன்னைக்குச் சோத்துல அந்த அளவைக் கழிச்சிரு, இல்லைன்னா உன்னை மாதிரி ஆயிரும். வெங்காயம், சாக்லேட்டு, உலர்ந்த திராட்சை கிட்டக்கூடக் காட்டாத. அதுக்கு விசம்.

‘தின்னக் குடுத்து வேலை வாங்குறது லஞ்சம்தானே’ன்னு உங்க அத்தையும் கேட்டா. ஒரு பட்டாவுக்காக ஒரு ஆபீசுக்கு ரெண்டு வருசம் நடந்தவன் நான். லஞ்சம் எது, கூலி எதுன்னு எனக்கா தெரியாது? வேலைக்கு முன்னாடி காட்டுனா லஞ்சம், வேலை முடிஞ்சு குடுத்தா கூலி. முன்னாடியே காட்டிப் பழக்கிட்டா, கையில இருக்கான்னு பாத்துட்டுத்தான் பைல் நகரும். நாயும் அப்படித்தான், உன் கையைப் பாத்துட்டுத்தான் காலை எடுத்து வைக்கும்.

தலையாட்டுற. நல்லது. சேவு எடுத்துக்க.

இப்ப ஒரு சந்தேகம் வரணும் உனக்கு. நாய் அம்பதடி தள்ளி நிக்கிது, சரியாச் செஞ்சிருச்சு. அந்த நொடியில கூலியை எப்படிக் கொண்டு போயிச் சேக்குறது? இதே சங்கடம் ஹவாய்த் தீவுல கேரன் பிரையர்ங்கிற அம்மாவுக்கும் இருந்துச்சு. 1960-கள்ல அவங்க டால்பின் பழக்குனாங்க. டால்பின் கழுத்துல எந்த முள்ளுப்பட்டையை மாட்டுவ? அதட்டுனா முங்கிக்கிட்டுப் போயிரும், அம்புட்டுத்தான். அதனால விசில். அது துள்ளுன நொடியில ஒரு விசில், அப்புறம் மீனு. விசில்னா ‘உன் கூலி எழுதியாச்சு, வந்து வாங்கிக்க’ன்னு அர்த்தம். அதையே நாய்க்கும் கொண்டு வந்தாங்க, கையில அமுக்குனா ‘டக்’குங்கிற ஒரு சின்னப் பெட்டியா. 1984-ல புத்தகமும் எழுதுனாங்க.

சத்தம் கேட்டா நாய்க்கு வாயூறும்னு பாவ்லோவ் ரஷ்யாவுல அதுக்கு எத்தனையோ வருசம் முன்னாடியே கண்டு வச்சதுதான். ‘எச்சில் ஒழுகுனதுக்கா நோபல் குடுத்தான்’னு பேத்திகிட்டக் கேட்டேன். ‘இல்ல தாத்தா, 1904-ல குடுத்தது செரிமானத்தைப் பத்தின ஆராய்ச்சிக்கு’ன்னா. செரிமானத்தைத் தேடிப் போனவருக்குப் பசி அகப்பட்டிருக்கு.

எனக்கு அந்தப் பெட்டியும் வேண்டாம். வண்டிக்காரனுக்கு ஆண்டவன் நாக்கைக் குடுத்திருக்கான். மேலண்ணத்துல ஒட்டி ஒரு சொடுக்கு, ‘டக்’. இப்பப் பாரு.

ரோலக்ஸு, இங்க வா ஐயா. கையில கட்டுற பேரை உனக்கு வச்சிருக்கான், பரவாயில்ல. இந்த வெத்தலைப் பெட்டியில என்ன இருக்குன்னு நெனச்ச மருமகனே? பல்லு போயி மூணு வருசமாச்சு, வெத்தலை எங்க போட? ஈரல்தான். ‘எங்கப்பா சீர் குடுத்த பித்தளைப் பெட்டியில ஈரலா’ன்னு ஒரு பாட்டம் அழுதுட்டுத்தான் உங்க அத்தை வேகவச்சுக் குடுத்தா.

ஒரு துண்டை அது மூக்குக்கிட்டக் கொண்டு போறேன். கவ்வ விடல. மூக்குல இருந்து மெதுவா நெத்திக்கு மேல, அப்படியே பின்னால. மூக்கு ஈரலோட மேல போகுது. மூக்கு மேல போனா பின்பக்கம் எங்க போகும்? ஏத்தம் எறைச்சவனைக் கேளு, சொல்லுவான். இந்தா, தரையைத் தொட்டுச்சு. டக். குடுத்தாச்சு. மறுபடியும். டக். மூணாவது தடவை என் கை காலி, கையோட போக்கு மட்டும்தான். உக்காந்துச்சா? டக். இப்பக் கூலி பெட்டியில இருந்து வருது. லஞ்சம் கூலியா மாறுனதைப் பாத்துக்க.

இதுவரைக்கும் நான் ‘சிட்’டுன்னு ஒரு தடவைகூடச் சொல்லல, கவனிச்சியா? பிள்ளை மொதல்ல பெறக்கட்டும், அப்புறம் பேரு வைக்கலாம். நீ பேரை மட்டும் பதினோரு தடவை வச்சுட்ட, பிள்ளைதான் பெறக்கல. அஞ்சு தடவை போதும், நிறுத்திருவோம். அது இன்னும் கேக்குறப்பவே கடையைச் சாத்தணும். அப்பத்தான் நாளைக்கு அது வந்து கதவைத் தட்டும்.

ஆயுசு முழுக்க ஈரலோட திரியணுமான்னா, வேண்டாம். வேலை பழகுனப்பறம் மூணுக்கு ஒண்ணு, அஞ்சுக்கு ஒண்ணுன்னு மாத்தி மாத்திக் குடு, அதுவும் எப்ப வரும்னு தெரியாத மாதிரி. 2003-ல கவர்மெண்டு லாட்டரியை நிறுத்துற வரைக்கும் என் தம்பி தினம் சீட்டு வாங்குனான். தினமும் விழுந்ததுனாலயா வாங்குனான்? விழுமா விழாதான்னு தெரியாததுனாலதானே.

இப்ப வாத்தியாரு விசயத்துக்கு வருவோம். வாத்தியாரே வேண்டாம்னு நான் சொல்லல. நல்ல ஆளா இருந்தா ஆறு மாசத்துல நீ முட்டிக்கிட்டுக் கத்துக்கிறதை ஆறு நாள்ல காட்டிக் குடுத்துருவாரு. ஆனா ஒண்ணு, கார் ஓட்டுறதுக்கு லைசென்ஸ் வேணும், நாய் வாத்தியாருன்னு போர்டு மாட்டுறதுக்கு நம்ம நாட்டுல அப்படி ஒரு லைசென்ஸ் கிடையாது. பெயிண்டு டப்பா இருந்தா நாளைக்கு நானே மாட்டலாம். அதனால பாத்துப் பொறுக்குறது உன் வேலை.

கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கப் போறப்ப ஜாதகம் பாப்பாங்க. இங்க மடியைப் பாரு. ‘மடியில கனம் இருந்தா வழியில பயம்’னு சொல்றது மனுசனுக்கு. நாய் வாத்தியாருக்கு மடியில கனம் இருக்கணும். இல்லைன்னா நாய்க்குத்தான் வழியெல்லாம் பயம். இடுப்புல தீனிப்பை தொங்குதா, இல்ல கையில சங்கிலி மட்டும் தொங்குதா? அதுல பாதி தெரிஞ்சு போயிரும்.

மிச்சப் பாதிக்கு ரெண்டு கேள்வி கேளு. ‘நாய் சரியாச் செஞ்சா என்ன குடுப்பீங்க? தப்பாச் செஞ்சா என்ன செய்வீங்க?’ மொதக் கேள்விக்கு ‘தட்டிக் குடுப்பேன்’னு இழுத்துட்டு, ரெண்டாவதுக்கு ‘கரெக்சன்’ங்கிற ஒரு வார்த்தையைச் சொல்லுவாரு பாரு, அங்கதான் நிறுத்தணும். ‘கரெக்சன்னா எந்தக் கருவி?’ன்னு கேளு. கழுத்தை இறுக்குற சோக் செயினா, முள்ளுப்பட்டையா, கரண்டு பட்டையா? அந்தக் கரண்டு பட்டையை வேல்ஸ் நாட்டுல 2010-லயே தடை பண்ணிட்டான். நாய் நடத்தையைப் பத்தியே படிச்ச அமெரிக்க மிருக டாக்டருக சங்கம் 2021-ல, கடிக்க வார நாயா இருந்தாலும் கூலி குடுத்துப் பழக்குறதுதான் முறைன்னு அறிக்கையே விட்டிருக்கு. கேட்டா ‘அதெல்லாம் வெளிநாட்டு நாய்க்கு’ம்பாரு. நீ வச்சிருக்கிறது எந்த நாட்டு நாய்?

அப்புறம், ‘நானும் கூட நிக்கலாமா’ன்னு கேளு. நீ இருந்தா நாய்க்குக் கவனம் சிதறும்னு சொல்லி உன்னை வெளிய அனுப்புறவரு, கதவைச் சாத்திட்டு என்ன நடத்துறாருன்னு உனக்கு எப்படித் தெரியும்? நல்ல வாத்தியாரு கயித்தை உன் கையில குடுத்துட்டு அவரு தள்ளி நிப்பாரு. 30 நாள் அவருகிட்ட இருந்து வந்த நாய் அவரைக் கண்டா உக்காரும். நீ அவரையா வீட்டுல வச்சுக்கிறப் போற? ‘கேரண்டி தாரேன்’னு சொன்னா கும்பிடு போட்டுட்டு எந்திரிச்சிரு. மிக்சிக்குத்தான் கேரண்டி உண்டு. உசுருள்ளதுக்குக் குடுக்கிறவன் ஒண்ணு சாமியா இருக்கணும், இல்ல சாமியாரா இருக்கணும்.

திடீர்னு உறுமுற நாய்னு நீ சொன்னா, ‘மொதல்ல டாக்டர்கிட்டக் காட்டுனீங்களா’ன்னு கேக்குறவரு நல்லவரு. காதுல சீழு, இடுப்புல வலி, பல்லுல சொத்தை இருந்தா நானே கடிப்பேன். பல்லு இருந்தா.

இதெல்லாம் வாய்ப்பேச்சு. வாத்தியாரு நடத்துற எடத்துக்குப் போயி அவரைப் பாக்காத, அவருகிட்டப் படிக்கிற நாயைப் பாரு. தூக்கம் இல்லாமலே கொட்டாவி விடுதா, தீனி இல்லாமலே நாக்கால மூக்கை நக்குதா, மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு வெள்ளை முழி தெரியப் பாக்குதா, வாலு காலுக்குள்ள போயிருச்சா, ஈரலைக் காட்டுனாக்கூட வேண்டாங்குதா. இதுல ரெண்டு மூணு சேந்து தெரிஞ்சா, அங்க நடக்குறது பாடம் இல்ல, மிரட்டல். ‘எவ்வளவு அமைதியா இருக்கு பாத்தீங்களா’ம்பாரு. நம்ம ஊரு பள்ளிக்கூடத்துல கணக்கு வாத்தியாரு வகுப்பும் அமைதியாத்தான் இருந்துச்சு. உனக்கு அதனால கணக்கு வந்துச்சா?

உறுமுறதுக்கு அடிக்கிற வாத்தியாருன்னா பக்கத்துலயே போகாத. உறுமல்ங்கிறது பஸ்சுக்கு ஹாரன் மாதிரி. சத்தம் காதைக் குடையுதுன்னு ஹாரன் வயரை அறுத்துட்டா பஸ்சு நின்னுருமா? சத்தமில்லாம வந்து ஏத்தும். உறுமாம கடிக்கிற நாயை ஊருல பாத்திருப்ப. அதோட வயரை எவனோ அறுத்திருக்க வாய்ப்பு உண்டு.

சட்டம் இருக்கேங்கிறியா? இருக்கு. 1960-ல போட்ட மிருகவதைத் தடுப்புச் சட்டம். அடிக்கிறது, உதைக்கிறது, குட்டைச் சங்கிலியில நாள் பூராக் கட்டிப் போடுறது எல்லாம் குத்தம். மொத தடவைக்கு அபராதம் எவ்வளவு தெரியுமா? 10 ரூபாய்க்குக் குறையக்கூடாது, 50 ரூபாய் வரைக்கும் போகலாம். டீயும் வடையும் தின்ன காசு. சட்டம் வந்து உன் நாயைக் காப்பாத்தும்னு காத்திருக்காத, அது இன்னும் 1960 விலைவாசியிலயே நிக்கிது.

இன்னொண்ணு. வாசல்ல இருந்து இங்க வாரதுக்குள்ள அது நாலு எடத்துல குனிஞ்சு மோந்துச்சு, நாலு தடவையும் வெடுக்குன்னு இழுத்த. நீ டீக்கடையில தினத்தந்தியை விரிச்சு ரெண்டு வரி படிக்கிறதுக்குள்ள எவனாவது கழுத்துல கயித்தைப் போட்டு இழுத்தா சும்மா இருப்பியா? ஊருக்குள்ள யாரு வந்தா, யாரு போனா, எந்த வீட்டுல இன்னைக்குக் கறின்னு அது படிச்சுக்கிட்டிருக்கு. காலையில அரைமணி நேரம் அதை நிம்மதியாப் படிக்க விடு. பேப்பர் படிச்ச நாய் சோபாவைப் படிக்காது.

என்ன செய்யுற? கழட்டுறியா? பாத்து, மெதுவா, ரோமம் சிக்கிக்கிரும். ஆமா, நெஞ்சோட மாட்டுற பாடி பெல்ட்டு போதும். அந்த முள்ளுப்பட்டையை எங்கிட்டக் குடு, வெள்ளரிப் பாத்திக்கு வேலியாக் கட்டுறேன். ஓடுச்சா ரோலக்ஸு? எங்க ஓடும்? ஈரல் பெட்டி இங்கல்ல இருக்கு.

எந்திரிக்காத, இரு. சேவுத் தட்டு எங்க இருக்கு, பாரு. நீ வந்தப்ப என் முழங்காலுக்கிட்ட இருந்துச்சு. இப்ப உன் மடியில இருக்கு. நீ ஒவ்வொரு தடவை ‘சரிதான் மாமா’ன்னு தலையாட்டுனப்பவும் அது ஒரு சாண் நகந்துச்சு. ‘ஆனா மாமா’ன்னு ஆரம்பிச்சப்ப நான் உன்னைப் பாக்கவே இல்ல, பெட்டி மூடியைத் திருகிக்கிட்டிருந்தேன். பட்டையைக் கழட்ட மாட்டேன்னு வந்தவன் நீயாவே கழட்டிக் கீழ வச்சுட்ட. ஒரு அதட்டல் போட்டனா? உன் கழுத்துல எதையாவது மாட்டுனனா? 25,000 ரூபாயா வாங்குனேன்? அரைக்கிலோ சேவு.

முறைக்காதப்பா. இந்தா, இன்னும் ஒரு கை.

பாத்தியா, கை தானா நீளுது.